விருந்தாளித் தண்ணீர்

அழகம்மாளுக்கு வாய் நீளம் என்று புங்கந்தோப்புத் தெருவில் சொல்லாதவர்கள் கிடையாது. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் தெருவுக்கு விளக்கு வந்திருக்காது, குப்பை வண்டி எட்டிப் பார்த்திருக்காது என்று சொல்கிறவர்களும் அவர்களேதான். திருவானைக்காவலைத் தாண்டி, வாழைத் தோப்புகளுக்குள் புகுந்து, கொள்ளிடக் கரையை ஒட்டிக் கிடக்கிற தெரு அது. பாதிப் பேருக்குத் தோப்பில் தார் வெட்டுகிற வேலை, இலை அறுக்கிற வேலை. மீதிப் பேர் அதைக் காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார்கள். அழகம்மாள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவாள். அவள் புருஷன் ரத்தினவேல் தார் வெட்டுவான். ஒரே மகள் கனிஷ்கா ஒன்பதாவது படித்தாள்.

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். முக்கொம்பில் பிரிந்த ஆறு ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. இந்த ஊரில் போய்த் தண்ணீர்க் கஷ்டமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தண்ணீருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தெருமுனையில் ஒரு போர் போட்டு, மேலே கறுப்புத் தொட்டி வைத்து, கீழே குழாய் விட்டிருந்தார்கள். திறந்தால் கொட்டும். ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். வாயில் விட்டால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு போகாமல் நிற்கும். அதைத்தான் தெருவே குடித்தது. அதில்தான் சோறு பொங்கியது. பிள்ளைகளின் ஸ்கூல் பாட்டிலில் போனதும் அதுதான்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வேறு தண்ணீர். மெயின் ரோட்டுப் பொதுக்குழாயில் காலையில் மட்டும் ஆற்றுத் தண்ணீர் வரும். ஆண்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மொபெட்டில் ஒரு குடம் வைத்து எடுத்து வருவார்கள். சமையல்கட்டு மூலையில் அதைத் தட்டுப் போட்டு மூடி, மேலே டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அப்புறம் வீட்டு ஆள் அதில் கை வைக்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு உண்டு, வந்தவர்களுக்கு உண்டு. குடித்துவிட்டு, "அடேங்கப்பா, உங்க தெருத் தண்ணி என்னமா இனிக்குது!" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அழகம்மாளுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

ரத்தினவேலுக்கு வியாதி வந்தது செருப்பில்தான் முதலில் தெரிந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் காலில் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். "செருப்பு இறுக்கமா இருக்கு அழகு, பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றான். வாங்கினான். அதுவும் இறுகியது. அழகம்மாள் ஒரு நாள் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் பட்ட இடம் குழியாகி, எழும்பாமல் நின்றது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு ஏறிவிட்டது, கிட்னி போய்விட்டது என்றார்கள். அவன் தெருவில் முதல் ஆளும் இல்லை. முன்னாலேயே பலர் அதே கட்டிலில் படுத்து எழுந்தவர்கள், சிலர் எழுந்திருக்காதவர்கள். ஊருக்குள் இந்தத் தெருவுக்கே கிட்னித் தெரு என்று பேராகிவிட்டிருந்தது.

தண்ணீர்தான் காரணம் என்று அழகம்மாள் அடித்துச் சொன்னாள். வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று, ஆற்றுத் தண்ணீர் பைப் லைனை எங்கள் தெரு வரைக்கும் இழுத்து விடுங்கள் என்று கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை.

"நீங்க சொல்றீங்கன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியாதுக்கா. தண்ணி கெட்டுப்போச்சுன்னு யாராவது படிச்சவங்க ஒரு ரிப்போர்ட் குடுக்கட்டும். அதை வச்சு சண்டை போடுவோம்" என்றார்.

அப்படி ஒரு ரிப்போர்ட் தன் வாசலைத் தேடிக்கொண்டு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் வந்தது. ஒரு பங்குனி மாதம், கழுத்தில் அட்டை தொங்க, தோளில் பையோடு பெண்களும் பையன்களுமாகத் தெருவில் இறங்கினார்கள். ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையம். அவர்களில் புங்கந்தோப்புக்கு என்று வந்தவள் வைஷ்ணவி. மெலிந்த பெண், கும்பகோணத்துக்காரி, கேள்வி கேட்பதற்கு முன்னால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறவள். அழகம்மாளுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"எங்க தெருவை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"தெருவை இல்லக்கா, தீவை."

"எந்தத் தீவை?"

"இதான். நீங்க இருக்கறது தீவுதானே."

அழகம்மாளுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா, நாங்க என்ன அந்தமான்லயா இருக்கோம்? பஸ் ஏறினா சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போயிடலாம்."

வைஷ்ணவி சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "சுத்தி ஆறு இருக்குல்லக்கா. எது உள்ள, எது வெளியன்னு குழப்பமே இல்ல. இதுக்குள்ள இருக்கற மண்ணு, தண்ணி, சாப்பாடு, ஜனங்க எல்லாத்தையும் மொத்தமா ஒரு சாம்பிளா எடுத்துக்கலாம். இங்க ஒண்ணு தெரிஞ்சா அது இங்க உள்ளதுதான்னு உறுதியா சொல்லலாம். அதனாலதான் உலகத்துல எங்கயும் ஆராய்ச்சிக்காரங்க தீவைத் தேடிப் போறாங்க. மேற்க முக்கொம்புலயிருந்து கிழக்க கல்லணை வரைக்கும் தெருத் தெருவா எடுக்கறோம்."

அன்றைக்கே கேள்வி ஆரம்பித்துவிட்டது. என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த ஊரில் பெண் எடுக்கிறீர்கள், பாலத்தைத் தாண்டி எத்தனை பேர் வேலைக்குப் போகிறீர்கள், வலி மாத்திரை போடுவீர்களா என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். அடுத்து ரத்தம் எடுத்தார்கள். கடைசியாக வைஷ்ணவி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை தண்ணி எடுக்க வரோம்க்கா. தொட்டியில எடுக்கப் போறதில்ல. வீட்டுக் குடத்துல என்ன இருக்கோ, வாய்க்குள்ள என்ன போகுதோ, அதுதான் எங்களுக்கு வேணும்."

தண்ணீர் எடுக்கப் போகிறார்கள்! அழகம்மாளுக்கு நிலைகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொண்டு வந்து வீட்டில் சுருண்டு படுத்திருந்த ரத்தினவேலிடம், "ஏங்க, நமக்கு விடிஞ்சிருச்சுங்க" என்றாள். அவன் கண்ணைத் திறந்து, "சரி" என்றான். வியாழக்கிழமை சாயங்காலம் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டு ரோசம்மாள் வீட்டில் ஆரம்பித்து, கடைசி வீட்டு நஜ்முன்னிசா வரைக்கும் விடவில்லை.

"நாளைக்குப் படிச்ச புள்ளைங்க வருதுங்க. வீட்டைக் கூட்டி வைங்க. குடத்தைப் புளி போட்டுத் தேச்சு வைங்க. இவ்வளவு தூரம் நம்மளை மதிச்சு வருதுங்க, போர்த் தண்ணியையா பிடிச்சுக் குடுக்கறது? நல்ல தண்ணியாக் குடுங்க. தெரு மானம் போயிடக் கூடாது, சொல்லிட்டேன்!"

அடிப் பாவி, அடிப் பாவி. நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டு பேச வைத்தது என்று பின்னால் அவள் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாளோ. ஆனால் அன்றைக்கு அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவளுக்கு மட்டுமா? தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் வந்ததே தண்ணீர் கெட்டதா என்று பார்க்கத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஒருவர் பாட்டிலை நீட்டினால் நல்லதைத்தான் ஊற்ற வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கையாட்களாக வந்த பையன்களுக்குச் சீக்கிரம் முடித்துப் போக அவசரம். "இது நீங்க குடிக்கற தண்ணிதானே?" என்று ஒப்புக்குக் கேட்டார்கள். "ஆமா தம்பி, நல்லாக் குடிங்க, மோர் வேணுமா?" என்று வாசலுக்கு வாசல் பதில் வந்தது. வைஷ்ணவியே அழகம்மாள் வீட்டில் கேட்டாள். மூலைக் குடத்துத் தட்டை எடுத்து, கவிழ்த்து வைத்த டம்ளரை நிமிர்த்தி, பாட்டில் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஆமாம்மா" என்றாள் அழகம்மாள்.

ரத்தினவேல் கார்த்திகையில் போய்விட்டான். கடைசி வாரத்தில் வாய் வறண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். டாக்டர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றிருந்தார். மூலைக் குடத்திலிருந்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் எடுத்து அவன் உதட்டை நனைத்தாள். "இது வந்தவங்களுக்குல்ல?" என்று கேட்டான். மனுஷன் சாகப்போகிற நேரத்தில் கேட்ட கேள்வியைப் பாருங்கள்! அழகம்மாள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் அவள் மூச்சு முழுக்க அந்த ரிப்போர்ட்டில்தான் இருந்தது. புருஷனுக்கு ஆகாமல் போனது மகளுக்காவது ஆகட்டும் என்று காத்திருந்தாள். மொபெட் ஓட்ட ஆள் இல்லாததால் மெயின் ரோட்டிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்து நடந்தே கொண்டுவந்தாள். ஒரு குடத்துக்கு மேல் முடியவில்லை. அதையும் வழக்கப்படி மூலையில்தான் வைத்தாள். கனிஷ்கா போர்த் தண்ணீரைத்தான் குடித்தாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, ரிப்போர்ட் வந்துவிடும், வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிடும்.

முடிவைச் சொல்ல மறு வருஷம் ஒரு கூட்டம் போட்டார்கள், அவள் பாத்திரம் கழுவுகிற அதே மண்டபத்தில். புங்கந்தோப்புத் தெருவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தது. ஆராய்ச்சிக்குத் தலைவர் ஹரிஹரசுதன், நரைத்த தாடி, மரியாதையான மனுஷர். திரையில் தீவைப் போட்டுக் காட்டினார். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு மீன் படுத்திருப்பது போல் இருந்தது. முழுக்கப் பச்சை. பச்சை என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

"கொள்ளிடக் கரையோரத் தெருக்கள்லதான் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனா வீட்டுக்கு வீடு பார்த்தாச்சு. ரொம்பச் சுத்தமான தண்ணி" என்றார். "அப்ப இந்த நோய் ஏன் வருது? வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பாக்கறது. உடம்பு வலிக்குதுன்னு கடையில கேட்டு வாங்கி மாத்திரை போடறது. இந்தப் பழக்கத்தை நீங்க மாத்திக்கணும். இது தீவுங்கறதால எங்களால உறுதியா சொல்ல முடியுது."

செத்தவன் மேலேயே பழியா? தார் சுமந்தவன் ரெண்டு மாத்திரை போட்டது ஒரு குத்தமா? அழகம்மாள் எழுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தாள். சுத்தமான தண்ணியா? அதுல பருப்பே வேகாதேய்யா என்று கேட்க வந்தவளுக்கு, மூலைக் குடத்துத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகுமே என்று தோன்றியது. அவ்வளவுதான். எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக ரோசம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ரோசக்கா, நீங்க அன்னைக்கு எந்தக் குடத்துலேர்ந்து குடுத்தீங்க?"

"எந்தக் குடமா? நீதானே வந்து சொன்னே, நல்ல தண்ணியாக் குடுங்கன்னு."

அழகம்மாள் வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் வைஷ்ணவிக்கு போன் போட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அக்கா, நான் உங்க வீட்டுல கேட்டேனே. நீங்க ஆமான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்தாம்மா. புத்தி கெட்டுப் போயி சொன்னேன். நீ மறுபடியும் வா. தொட்டியிலயே பிடிச்சுட்டுப் போ."

"இங்க வேலை முடிஞ்சிருச்சுக்கா. எல்லாரும் கோதாவரிப் பக்கம் இன்னொரு தீவுக்குக் கிளம்பறோம். நான் சார்கிட்ட பேசிப் பாக்கறேன்."

பேசினாள். ஒரு வீட்டம்மா இப்போது மாற்றிச் சொல்கிறாள் என்பதற்காக முடிந்த வேலையைக் கலைக்க முடியாது, தெருவில் நாலு வீடாவது சேர்ந்து அப்படித்தான் கொடுத்தோம் என்று சொன்னால் மறுபடி எடுக்கலாம் என்றாராம் ஹரிஹரசுதன். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அழகம்மாளுக்கு உயிர் வந்தது. நாலு வீடு என்ன, நாற்பது வீடும் சொல்லுமே! ரோசம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

ரோசம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். அழகம்மாள் சொல்லி முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அழகு, எம் பொண்ணு ஃபெமினாவுக்கு லால்குடியிலேர்ந்து வரன் வந்திருக்கு. கிட்னித் தெருன்னு சொல்லி ரெண்டு இடம் தட்டிப் போனது உனக்கே தெரியும். இப்பத்தான் தண்ணி சுத்தம், தெருவுல குத்தமில்லன்னு பெரிய மனுஷங்க சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைக் கேட்டுட்டுத்தான் சரின்னாங்க. நான் இப்பப் போயி, இல்லைங்க, நாங்க குடிக்கறது விஷந்தான்னு சொல்லணுமா?"

"நாளைக்கு உங்க பொண்ணுக்கே..."

"அவதான் கட்டிக்கிட்டு லால்குடி போயிடுவாளே. எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுடாத தாயி."

நஜ்முன்னிசாவுக்கும் வீட்டில் கட்டிக்கொடுக்க மகள் தஸ்லிமா இருந்தாள். "அல்லா காப்பாத்துவான், விட்டுருங்க அழகம்மா" என்று கதவைச் சாத்தினாள். கவுன்சிலர் கையை விரித்தார். "தண்ணி கெட்டதுன்னு எழுதித் தருவாங்கன்னு பார்த்தா, பிரமாதம்னு எழுதிட்டாங்க. இனி எந்த வாயை வச்சுக்கிட்டுக்கா நான் பைப் லைன் கேக்கறது?" நேற்று வரைக்கும் எழுதப்படாமல் கிடந்த தெரு, இன்றைக்கு நல்ல தண்ணீர் உள்ள தெரு என்று எழுதியாகிவிட்டது. வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. எழுத வைத்தது அவள்தான். யார் மேல் கோபப்படுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீட்டில் வழக்கம் மாறியது. மூலைக் குடம் கனிஷ்காவுக்கு மட்டும். எவன் வந்தாலும் கிடையாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். விருந்தாளிக்குக் கொடுத்துக் கொடுத்துத்தானே குடி முழுகிப் போனது.

கோதாவரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், தன் ஊருக்குப் போகிற அன்றைக்கு வைஷ்ணவி தானாகவே வந்தாள். யாரும் அனுப்பவில்லை. சித்திரை வெயிலில் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் அழகம்மாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் வெந்துபோயிருந்தது.

"ஒருத்தர்கூட சொல்ல மாட்டேங்கறாங்கக்கா. அன்னைக்குக் குடுத்த தண்ணியைத்தான் குடிக்கறோம், தொட்டித் தண்ணி பாத்திரம் கழுவத்தான்னு சாதிக்கறாங்க. எனக்குத் தெரியுது, அவங்க பொய் சொல்றாங்க. ஆனா நான் என்ன பண்ண?"

"என் வீட்டுத் தண்ணியையாவது எடுத்துட்டுப் போம்மா. போர்த் தண்ணி. இதோ இருக்கு."

"ஒரே ஒரு வீடு மட்டும் மாறி வந்தா, அதை ஒதுக்கி வச்சுட்டு மத்ததைத்தான்க்கா பாப்பாங்க. அதான் முறை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தரீங்களா?"

அழகம்மாள் உள்ளே போனாள். இரண்டு குடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போர்த் தண்ணீர்க் குடத்தில் சொம்பை விட்டாள். குடிக்கட்டுமே! ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும், நாங்கள் எதைக் குடித்துச் சாகிறோம் என்று அந்த நாக்குக்காவது தெரியட்டும். சொம்பு நிறைந்தது. தூக்கிக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள். கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். இவளும் யாரோ பெற்ற பிள்ளைதானே. திரும்பிப் போய் சொம்பைக் கவிழ்த்துவிட்டு, மூலைக் குடத்துத் தட்டை எடுத்தாள்.

வைஷ்ணவி மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். "பாட்டில்லயும் கொஞ்சம் ஊத்திக்கவாக்கா? கும்பகோணம் வரைக்கும் பஸ்ல போகணும்." இல்லை என்கிற வார்த்தை அழகம்மாள் வாயில் வரவில்லை. அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அரைக் குடம்தான் கொண்டுவந்திருந்தாள். சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள். வைஷ்ணவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுருங்கக்கா" என்றாள். "நீ என்னம்மா பண்ணுவே, போயிட்டு வா" என்றாள் அழகம்மாள். அந்தப் பெண் வாழைத்தோப்பு ஓரமாக நடந்து திரும்புமுனையில் மறைந்தாள். இனிமேல் இந்தத் தெருவைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த கனிஷ்கா பையை எறிந்துவிட்டு நேராக மூலைக் குடத்துக்குப் போனாள். சாய்த்துப் பார்த்தாள்.

"ம்மா, தண்ணியில்ல?"

"வைஷ்ணவி அக்கா வந்திருந்தாங்கடி."

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. வந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மகள் போர்த் தண்ணீர்க் குடத்தில் டம்ளரை விட்டு எடுத்து, ரொம்பத் தாகம் போலிருக்கிறது, நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தாள். வேண்டாம்டி என்று சொல்ல அழகம்மாள் வாயெடுத்தாள். சொல்லிவிட்டு வேறு எதைக் கொடுப்பது? மெயின் ரோட்டுக் குழாயில் இனி காலையில்தான் வரும்.

கனிஷ்கா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதத்தில் வார் பதிந்த தடம் இருந்தது. அழகம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். தடம் மறையவில்லை. கிட்டே போய், குனிந்து, மகளின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"என்னம்மா பாக்கறே?"

"ஒண்ணுமில்லடி. செருப்பு இறுக்கமா இருக்கு. பெருசா ஒண்ணு வாங்கிக்கலாம்."